ஒண்ணும் பண்ணாது

செண்பகம் செத்துப் பதினாறு முடிந்த மறுநாள், பங்குனி மாதத்து வியாழக்கிழமை, பால்காரர் போனதற்கும் முதல் பஸ் வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், ஆவுடையூரில் மருந்தின் கேடெல்லாம் மருந்தைத் தின்றவர்களை விட்டு எழுந்து, "ஒண்ணும் பண்ணாது, தின்னுங்க" என்று சொல்லிக் கொடுத்தவர்களின் உடம்பைத் தேடிப் போக ஆரம்பித்தது. ஏன் அன்றைக்கு, ஏன் அந்த ஊருக்கு என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் குடையை எடுக்கிற மாதிரி ஊர் தன் பாட்டுக்கு அதற்குத் தோதாக நடந்துகொள்ளத் தொடங்கியது. ஒருத்திக்கு மட்டும்தான் அதன் மேல் கோபம். வருவதுதான் வந்தது, ஒரு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்கிற கோபம்.

அவள் முப்பிடாதி. செண்பகத்தின் அக்கா. அக்கா தங்கை இரண்டு பேரும் அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போலப் பீடி சுற்றினார்கள். பத்து வயதில் பீடித்தட்டை மடியில் தூக்கி வைத்து, கல்யாணத்தன்று மட்டும் இறக்கி வைத்து, மறுபடி மடியில் வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்தே முட்டும் இடுப்பும் தேய்ந்த ஊர் அது. முப்பது வயதுக்கு மேல் வலி இல்லாத ஒரு முட்டியை ஆவுடையூரில் காட்டமுடியாது. அந்த முட்டிகளை நம்பித்தான் பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் வைத்தியர் பூதலிங்கமும் அந்தப் பக்கம் மெடிக்கல் கோமதிநாயகமும் எதிரெதிரே கடை போட்டிருந்தார்கள். பூதலிங்கம் மூலிகைச் சூரணம் கொடுப்பார். எதிர்க்கடையைக் காட்டி, "அது பூராவும் விஷம்" என்பார். கோமதிநாயகம் வெள்ளை மாத்திரை கொடுப்பார். எதிர்க்கடையைக் காட்டி, "புல்லத் திங்கதுக்கு நாம என்ன மாடா" என்பார். இருபது வருஷமாக இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர் சொல்லிக்கொண்டது.

செண்பகம் காலையில் சூரணத்தை வெந்நீரில் கலக்கிக் குடித்தாள். சாயங்காலம் மாத்திரையைப் போட்டாள். இதை அங்கே சொல்லவில்லை, அதை இங்கே சொல்லவில்லை, சொன்னால் இரண்டு பேருமே திட்டுவார்கள் என்று பயம். மூன்று வருஷம். முதல் வருஷம் வலி இருந்த இடம் தெரியாமல் போனது. இரண்டாவது வருஷம் முகம் உருண்டு, கன்னம் பூரித்து, பார்த்தவர்கள் எல்லாம் "ஏட்டி, புருஷன் நல்லா கவனிக்காம் போல" என்று கேலி செய்தார்கள். மூன்றாவது வருஷம் கால் வீங்கியது, மூத்திரம் நின்றது, சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். எட்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிவிட்டு வந்தாள். ஒன்பதாவது மாதம் போக முடியவில்லை. அவளுக்கு முப்பத்துநாலு வயது.

அன்றைக்கு வியாழக்கிழமை கடையைத் திறக்க வந்த கோமதிநாயகத்துக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வயிறு எரிந்தது. ஒல்லியான, கன்னம் ஒட்டின மனுஷன். மத்தியானத்துக்குள் அவர் முகம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதே நேரத்தில் அவரிடம் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்த பீடிக்காரப் பெண்களுக்கு, வருஷக்கணக்காக இருந்த நெஞ்செரிச்சல் அணைந்துபோய், மூன்று வீட்டில் அன்றைக்கு மீன்குழம்பில் காரம் தூக்கலாகப் போட்டுச் சாப்பிட்டார்கள். மருந்தால் போகவேண்டிய வலி போனது, கேடு மட்டும் கிளம்பி எங்கேயோ போய்விட்டது. எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கண்டுபிடித்தபின் ஊர் என்ன செய்திருக்க வேண்டும் என்று முப்பிடாதி பின்னால் பலநாள் யோசித்திருக்கிறாள். இவ்வளவு கேடு இத்தனை நாள் நம் உடம்புக்குள்தானே இருந்தது என்று ஒருத்தராவது நெஞ்சில் கைவைத்திருக்க வேண்டும். ஒருத்தரும் வைக்கவில்லை. ஊர் சந்தோஷப்பட்டது. ஒன்று தின்ற இடத்தில் இரண்டு தின்றது. காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை வாங்கியவன் பத்து நாளைக்கு வாங்கினான். தலைவலிக்காரி தலை வலிக்காத நாளிலும் போட்டாள். ஒரே ஒரு நிபந்தனைதான், கொடுக்கிற வாய் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். சொல்லாமல் கொடுத்தால் கேடு தின்றவரிடமே தங்கிவிடும். அதனால் கடை முன்னால் காசை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் பொட்டலம் கைக்கு வந்தபிறகும் நகரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி."

"மருந்துதான் தந்தாச்சுல்லா, போங்க."

"வழக்கமா சொல்லுவேளே. அதச் சொல்லுங்க."

சொல்லாத கடையில் வியாபாரம் இல்லை என்று ஆனதும் கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சொல்லச் சொல்ல வீங்கினார்.

வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. பிள்ளைகளுக்கு இருமல் மருந்து ஊற்றுகிற தாய்மார்கள் மட்டும் அந்தச் சொல்லை யாரும் கேட்காமலே சொன்னார்கள், இரண்டு தடவை சொன்னார்கள், சொல்லிவிட்டு வருகிற தூக்கத்தையும் மயக்கத்தையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள். புருஷன்மார்கள் அப்படியில்லை. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற ஒருவன்மேல் ஊர்க்கூட்டத்தில் வழக்கு வந்தது. தினமும் காலையில் கைபேசியில் இருநூற்று நாற்பது பேருக்கு வைத்தியக்குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஒரே நாளில் இருநூற்று நாற்பது பேரின் வாந்தியும் கழிச்சலும் தடிப்பும் வந்து சேர, கைபேசியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஊர் அவருக்காக வருத்தப்பட்டது. கிணற்றுத்தண்ணீர் கெட்டுப்போகுமா என்றும் கவலைப்பட்டது.

இதற்கெல்லாம் நடுவில், எதிர்க்கடை பூதலிங்கத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கோமதிநாயகம் அளவுக்கு அவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளைக்கு எழுபது பொட்டலம் சூரணம், எழுபது தடவை 'ஒண்ணும் பண்ணாது.' ஆனாலும் தேக்கங்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். முகம் சுருங்கவும் இல்லை, வீங்கவும் இல்லை.

"பாத்துக்கிடுங்க," என்றார் பூதலிங்கம், கடைக்கு வருகிறவர்களிடம். "பச்சிலை பச்சிலைதான். அந்த மனுஷன் மூஞ்சியப் பாருங்க, என் மூஞ்சியப் பாருங்க."

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் யாரோ கரிக்கட்டையால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் பச்சிலை, அந்தப் பக்கம் மாத்திரை என்று எழுதி, சொல்லி வீங்கினவர்களின் பெயரை அந்தந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். மாத்திரைப் பக்கம் நிரம்பி வழிந்தது. பச்சிலைக்காரர்கள் டீக்கடையில் கால்மேல் கால் போட்டுப் பேசினார்கள். அப்போதுதான் தோட்டக்காரர் வெள்ளத்துரை விழுந்தார். கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறவர். மச்சானுக்குக் கால் பெருவிரலில் வாதவலி என்று, சொந்தத் தோட்டத்துக் கிழங்கை, எவனும் எதையும் கலக்காத சுத்தமான கிழங்கை, தன் கையால் இடித்துக் கொடுத்து, "மண்ணுல வெளஞ்சது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவருக்கு, ராத்திரி முழுக்க வாந்தி. பத்து நாளில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. மச்சான் வலி தீர்ந்து சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். மாத்திரைக்காரர்கள் ஓடிப்போய் வெள்ளத்துரையின் பெயரைப் பச்சிலைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்தது அதற்கப்புறம்தான். கோட்டுக்கு எந்தப் பக்கம் யார் பெயர் என்று அடிதடி நடந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. உடைந்த மண்டைக்கு என்ன மருந்து போடுவது என்று மறுபடியும் சண்டை.

முப்பிடாதி அந்தச் சுவரைக் கடந்துதான் பீடிக்கடைக்குப் போகவேண்டும். செண்பகத்தின் பெயர் அதில் எந்தப் பக்கமும் இல்லை. சொன்னவர்களின் பெயரைத்தான் எழுதினார்கள், தின்று செத்தவளின் பெயரை எழுத அங்கே இடமில்லை. ஒருநாள் அவள் கட்டுப் பீடியோடு நின்று, கரிக்கட்டையைக் கேட்டு வாங்கி, கோட்டின் மேலேயே, இரண்டு பக்கமும் படுகிற மாதிரி, "செண்பகம்" என்று எழுதினாள். மறுநாள் யாரோ அதைத் தண்ணீர் தொட்டு அழித்திருந்தார்கள். கணக்குக் குழம்புகிறதாம்.

சித்திரை பிறந்ததும் கோமதிநாயகம் ஒரு வழி கண்டுபிடித்தார். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, அதில் ஒரு ஆளை உட்காரவைத்தார். மருந்தை இவர் கொடுப்பார், சொல்லை அந்த ஆள் சொல்லவேண்டும். தினக்கூலி. செங்கல்சூளையில் வேலை போன ஒருத்தி முதலில் வந்தாள். பதினைந்து நாளில் அவள் கறுப்பாக வாந்தி எடுத்தாள். அடுத்து, லாரியில் கால் போன ஒருவன். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. 'சொல்லாள்' என்று அந்த வேலைக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. வசதியான வீடுகளில் வீட்டுக்கென்றே ஒரு சொல்லாள் வைத்துக்கொண்டார்கள். நல்ல சொல்லாளா, ஒரு மாதம் தாங்குவானா என்று பெண்கள் குழாயடியில் விசாரித்தார்கள். முக்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வேறு வேலை கிடைக்காதவர்கள். கோமதிநாயகத்தின் கன்னம் பாதி வடிந்தது, மீதி மட்டும் என்ன செய்தும் வடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பிடாதி பீடிக்கடையிலிருந்து திரும்பும்போது, பூதலிங்கத்தின் கடை வாசலிலும் ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தது பேச்சிமுத்து. செண்பகத்தின் புருஷன். சுமை தூக்குகிறவன். செண்பகத்தோடு எட்டு மாதம் பஸ் ஏறி இறங்கியதில் அவனுடைய வேலையும் போயிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் முப்பிடாதி வீட்டில்தான் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரி தம்பி."

"இல்ல மயினி."

"எந்திரின்னு சொல்லுதேன். எந்தச் சூரணத்தத் தின்னு அவ செத்தாளோ, அதுக்கு நீ காவலா உக்காந்திருக்க."

அவன் தலை நிமிரவில்லை. பொட்டலம் வாங்கின ஒருத்தி அவன் பக்கம் திரும்பி நின்றாள். அவன் அவளைப் பார்த்து, "ஒண்ணும் பண்ணாதும்மா, குடிங்க," என்றான். அவள் போனபிறகு மெதுவாகச் சொன்னான்:

"அவ ஒரு நாள் குடிக்க மாட்டேன்னா. முகம் இப்பிடி ஆவுதே, எனக்குப் பயமா இருக்குன்னா. நான்தான் மயினி சொன்னேன், ஒண்ணும் பண்ணாது, குடிட்டின்னு. அவளுக்கு வந்தது எனக்கு வரட்டும்."

முப்பிடாதியும் அதையே சொல்லியிருந்தாள். அவன் சொல்வதற்கு முன்னாலேயே, முதல்முதலாகச் செண்பகத்தை இந்தக் கடைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததே அவள்தான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை. ஊரே குடிக்கிறதே, அந்தத் தைரியத்தில் தானாகவே சொன்னாள். பக்கத்துவீட்டு ஆவுடைத்தாயிடமும் அப்படித்தான் சொன்னாள். ஆவுடைத்தாய் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் ஒரு மாதமாக முப்பிடாதியின் முகமும் உருண்டுகொண்டிருக்கிறது, சட்டைக் கை இறுக்குகிறது, லேசாக எங்கே இடித்தாலும் தோல் நீலம் பாரிக்கிறது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தங்கையின் கடைசி வருஷத்து முகம் தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கேடு தனக்கு வரவேண்டியதுதான் என்று பேசாமல் வைத்திருந்தாள். ஆனால் பேச்சிமுத்துவும் அதையே சொன்னபோது அவளுக்குக் கோபம் பொங்கியது. செத்தவளுக்காக நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்களாகப் பார்த்து முக்காலி போட்டு உட்காரவைக்கிறார்களே, எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது இவர்களுக்கு.

"யாரு ஒன்ன இங்க உக்காரச் சொன்னா? வைத்தியரா?"

"மெடிக்கல் அண்ணாச்சிதான் கூலி தாராவ."

"வைத்தியர் கடைக்கு மெடிக்கல்காரர் எதுக்குக் கூலி குடுக்காரு?"

பேச்சிமுத்து அதை யோசித்திருக்கவில்லை. முப்பிடாதி யோசித்தாள். நடந்துகொண்டே யோசித்தாள். வீட்டுக்குப் போகாமல் நேராக ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் நஸீமாவுக்கு முன்னால் பெஞ்சுகளில் முக்காலிக்காரர்கள்தான் நிறைந்திருந்தார்கள். நோய் இல்லாத ஆட்களின் நோயைப் பார்த்துப் பார்த்து அவர் கண் குழிந்திருந்தது. முப்பிடாதியின் முகத்தைப் பார்த்ததும் ரத்தக்கொதிப்பு பார்த்தார், கையைத் திருப்பி நீலத்தைப் பார்த்தார், கணுக்காலை அழுத்திப் பார்த்தார்.

"யாருக்கு என்ன சொன்னீங்க?"

"பக்கத்துவீட்டுக்காரிக்கு. வைத்தியர் சூரணம். பச்சிலைதான், ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன்."

"பச்சிலையும் பண்ணும். வெள்ளத்துரையப் பாத்தீங்கல்ல. அந்தக் கிழங்குல இருந்துதான் வாதத்துக்கு மாத்திரையும் செய்றாங்க. மாத்திரையில எவ்வளவு இருக்குன்னு அளந்து எழுதியிருக்கும், கிழங்குல எழுதியிருக்காது, அவ்வளவுதான். உடம்புக்குத் தோட்டத்துல வந்ததா, ஃபேக்டரில வந்ததான்னு வித்தியாசம் தெரியாதும்மா. எது, எவ்வளவு, எத்தன நாள், அதோட வேற என்ன திங்கோம், அதுதான் தெரியும்." அவர் முப்பிடாதியின் கன்னத்தைத் தொட்டார். "ஆனா இந்த முகம் இலைதழையால வர்ற முகம் இல்ல. இது ஸ்டீராய்டு மாத்திரையால வர்ற முகம். கால்ல இருக்கிற வீக்கம் வலிமாத்திரையால."

"நான் சூரணத்துக்குத்தானே சொன்னேன்."

"ஆமா. அப்ப சூரணத்துல என்ன இருக்கு?"

முப்பிடாதி கேட்க வந்ததைக் கேட்டாள். "டாக்டரம்மா, எனக்கு யாரும் சொல்லல, நானாச் சொன்னேன், எங்கிட்டயே தங்கிட்டு. ஒருவேள வேற ஒருத்தர் எங்கிட்ட அதே வார்த்தையச் சொல்லி, அத நம்பி நான் இன்னொருத்திக்குச் சொல்லியிருந்தா?"

நஸீமா பேனாவைக் கீழே வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "மேல போகும்," என்றார். "நானும் கவனிச்சேன். மருமகளுக்குச் சொன்ன மாமியாருக்கு ஒண்ணும் இல்ல, மாமியாருக்குச் சொல்லிக்குடுத்த கடைக்காரனுக்கு வருது. முதல்ல சொன்ன வாய் எதுவோ அங்க போய் நிக்குது."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எழுபது பொட்டலத்துக்கு எழுபது தடவை சொல்லியும் வைத்தியருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போது விளங்கியது. அவருக்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். மாத்திரையைத் தூளாக்கி மூட்டையில் கட்டிக் கொடுத்து, "சூரணத்துல கலந்து குடும்வே, ஒண்ணும் பண்ணாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவருக்கு வெறும் வயிற்றெரிச்சல் மட்டும் வரவில்லை, முகமும் உப்பியது. சூரணத்தின் கேடும் அவர் உடம்புக்கே போனதால்தான் அவர் எதிரியின் கடைக்கும் சேர்த்து முக்காலி போடவேண்டிவந்தது.

செண்பகம் காலையில் தின்றதும் சாயங்காலம் தின்றதும் ஒரே மருந்து. ஒன்றில் சுக்கு வாசனை இருந்தது. மற்றதில் வெள்ளைத் தாள் சுற்றியிருந்தது. இருபது வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஊரை இரண்டாகப் பிரித்துச் சண்டைபோட வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே மூட்டையிலிருந்து அள்ளிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே போகாதவள் இங்கே வந்தாள், இங்கே பயந்தவள் அங்கே போனாள், செண்பகம் இரண்டு இடத்துக்கும் போய் இரண்டு மடங்கு தின்று செத்தாள்.

முப்பிடாதி எழுந்தாள். நஸீமா, "உக்காருங்க, உங்களுக்கு மருந்து எழுதணும்," என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு, அது என்ன செய்யும், என்ன கெடுதல் வரலாம், எது வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முழங்கையில் சிவப்பாகத் தடித்திருந்ததை முப்பிடாதி பார்த்தாள்.

"உங்களுக்குமா?"

"நூத்தி நாப்பது பேரு வந்த ஒரு திங்கக்கிழமை," என்றார் நஸீமா. "அவசரத்துல சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, பீடிக்கட்டு கொடுத்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்புகிற நேரத்தில், முப்பிடாதி பூதலிங்கத்தின் கடைக்குப் போய்ப் பேச்சிமுத்துவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஏற்கெனவே அவன் முகம் பூரித்திருந்தது. ரோட்டைக் கடந்து கோமதிநாயகத்தின் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கூட்டம் கூடியது. பூதலிங்கமும் வாசலுக்கு வந்து நின்றார்.

"மூட்டையப் பத்திக் கேக்க வந்தேன் அண்ணாச்சி," என்றாள்.

"என்ன மூட்டை?"

"தூள் மூட்டை. நீங்க வைத்தியருக்குக் குடுத்தது."

"நான் எதுக்கு அந்த ஆளுக்குக் குடுக்கேன்? எனக்கும் அவருக்கும் பேச்சே கெடையாது."

"பேச்சில்லாத ஆள் கடையில ஒங்க கூலிக்காரன் எதுக்கு உக்காந்திருக்கான்?"

கூட்டம் பூதலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. பூதலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். கோமதிநாயகம் சிரித்தார். பேச்சுத்திறமை உள்ள மனுஷன். வைத்தியர் உடம்பு கெட்டுப்போகக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான், ஏழைக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரியும் ஆச்சு, தங்கச்சியப் பறிகொடுத்த துக்கத்துல பேசுதாவ என்று அவர் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் பாதி தலையாட்டியது. தலையாட்டியவர்களில் ஆவுடைத்தாயும் இருந்ததை முப்பிடாதி பார்த்தாள். அவளுடைய மருந்தின் வீக்கத்தைத்தான் தன் முகத்தில் சுமந்துகொண்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது, கல்லை எடுத்து எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"வேலைக்கு வைக்கும்போது அண்ணாச்சி ஒங்கிட்ட என்ன சொன்னாரு தம்பி?"

"உக்காந்து சொல்லுன்னாரு."

"ஒடம்புக்கு என்ன ஆவும்னு நீ கேட்டியா?"

"கேக்கல."

"இப்பக் கேளு."

பேச்சிமுத்து குனிந்து தன் வீங்கின காலைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கேட்கவேண்டும் என்று எண்ணிக் கேட்டதாகத் தெரியவில்லை, இரண்டு பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்து பயந்துபோய்க் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"அண்ணாச்சி, கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நேத்துலேருந்து மூத்திரம் சரியாப் போவல. எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

இருபது வருஷம். ஒரு நாளைக்கு நூறு தடவை. கர்ப்பிணிக்கு, கைக்குழந்தைக்கு, சர்க்கரைக்காரனுக்கு, கேட்டவருக்கு, கேட்காதவருக்கு, சீட்டைப் பார்க்காமல், முகத்தைப் பார்க்காமல், பொட்டலத்தை மடித்தபடி சொல்லிச் சொல்லி அந்த நாக்குக்கு வேறு பதில் தெரியாது. புத்தி வேண்டாம் என்று தடுப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"ஒண்ணும் பண்ணாதுல," என்றார் கோமதிநாயகம்.

சொன்னபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் பேச்சிமுத்து ஒரு வாளி நிறையச் சிறுநீர் கழித்தான் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. முக்காலியில் உட்கார்ந்து அவன் சுமந்த அத்தனையும், சூரணம் குடித்த அத்தனை பெண்களின் அத்தனை கேடும், ரோட்டைக் கடந்து மேலே, கோமதிநாயகத்திடம் போயிற்று. மற்றச் சொல்லாள்களும் கேள்விப்பட்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து, அவரவர் முதலாளி வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார்கள். பதில் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தியவர்கள் உண்டு. அந்த ஜன்னல்களுக்கு வெளியே முக்காலிகள் மட்டும் கிடந்தன.

கோமதிநாயகம் கடையைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்கு வெளியூர் போனார். கேடு பஸ்ஸில் அவர்கூடப் போனது. வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்கிறார் என்று கேள்வி. அதைக் கேட்டபோது முப்பிடாதிக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தாள். அதே மாதிரி எட்டு மாதம் ரத்தம் சுத்தம் பண்ணப் படுத்திருந்தவள் எழுந்து வரப்போவதில்லை. மருந்து ஆய்வாளர் ஒருவர் ஜீப்பில் வந்து சூரணப் பொட்டலம் நான்கை உறையில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப்போனார். முடிவு வரும் என்றார். ஆடி போய் ஆவணியும் வந்தது, முடிவு வரவில்லை. பூதலிங்கம் பலகையை மாற்றி, மூட்டுக்குப் பதில் முடிவளர்ச்சி என்று எழுதினார்.

ஊர் அதற்கும் பழகியது. ஆவுடையூரில் இப்போது மருந்து கொடுக்கிறவர்கள், அது பச்சிலையானாலும் மாத்திரையானாலும், என்ன இருக்கிறது, எவ்வளவு தின்னலாம், என்ன கெடுதல் வரும், எதனோடு சேரக்கூடாது என்று முழுக்கச் சொல்லித்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஒரு ஆளுக்குக் கால்மணி நேரம் ஆகிறது. வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீள்கிறது. நின்றவர்களுக்குக் கால் கடுத்தது, கேட்டவர்களுக்குப் பயம் வந்தது. இவ்வளவையும் கேட்டுக்கிட்டு எப்பிடி மனுசன் முழுங்குவான் என்று முணுமுணுத்தார்கள். அப்புறம் ஒருநாள் யாரோ ஒருத்தி, பத்து மைல் தள்ளி அடுத்த ஊரில் ஒரு புதுக்கடை திறந்திருக்கிறது, அந்த மனுஷன் எவ்வளவு தன்மையாகச் சொல்கிறான் தெரியுமா என்று வந்து சொன்னாள். சூரணமும் வைத்திருக்கிறான், மாத்திரையும் வைத்திருக்கிறான். கேட்கவே ஆறுதலாக இருக்கிறதாம்.

அடுத்த ஊரில் கேடு யாரிடமும் போகாது. தின்றவரிடமே தங்கும். எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும் புரட்டாசி முதல் வாரத்தில் ஒன்பதரை மணி பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் போயிற்று.

முப்பிடாதி அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். கம்பியைப் பிடித்தபடி, உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் ஆவுடைத்தாய் இருந்தாள். இவளைப் பார்த்ததும் வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அவளிடம் பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்தாயிற்று, முப்பிடாதி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அந்தப் புதுக்கடைக்குப் போனாள். சாமி படம், ஊதுபத்தி, கண்ணாடி அலமாரியோடு கடை புதுசாக இருந்தது. இளவயதுக்காரன், நெற்றியில் சந்தனம், சிரித்த முகம். முப்பிடாதி வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள், அவள் நிற்கவில்லை.

"வாங்கக்கா, என்ன செய்யுது?" என்றான் அவன்.

"முட்டு வலி."

அவன் திரும்பி அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். விரல் பழக்கத்தில் மடித்தான். அவள் கையில் வைத்தான். பின்னால் நின்ற அத்தனை பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் இன்னும் அதிகமாகச் சிரித்து, மூச்சை இழுத்து, உதட்டைப் பிரித்தான்.

முப்பிடாதி கண்ணாடிப் பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டி, புகையிலைத் தூள் ஏறிக் கறுத்த உள்ளங்கையால் அவன் வாயை அழுத்திப் பொத்தினாள். அவன் திமிறினான். அவள் விடவில்லை.

"முதல்ல இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு," என்றாள்.